கார்த்தேஜை எரித்தவர்கள் எடுத்துச் சென்ற நூல்

ரோமின் செனட் சபையில் ஒரு நாள், எண்பது வயதைக் கடந்த மூத்த அரசியல்வாதி கேட்டோ தன் மேலங்கியின் மடிப்பிலிருந்து சில அத்திப்பழங்களைக் கீழே விழவிட்டார். பழங்களின் பருமனையும் அழகையும் பார்த்து உறுப்பினர்கள் வியந்தார்கள். இவை விளைந்த நாடு இங்கிருந்து மூன்று நாள் கடற்பயணத்தில் இருக்கிறது என்று கேட்டோ சொன்னாராம். புளூட்டார்க் எழுதிவைத்திருக்கும் கதை இது. அந்த நாடு கார்த்தேஜ். கி.மு. 146இல் ரோமானியப் படை அந்த நகரத்தை எரித்துத் தரைமட்டமாக்கியது.

கார்த்தேஜின் படைத்தலைவர் ஹன்னிபலின் யானைகளும் ஆல்ப்ஸ் மலையும் எல்லோருக்கும் தெரியும். என்னைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்துவைத்திருப்பது இந்த அத்திப்பழம்தான். ஒரு நகரத்தை அழிக்க வேண்டும் என்று வாதிடுகிறவர் எதிரியின் வாளைக் காட்டலாம், கப்பலைக் காட்டலாம். கேட்டோ காட்டியது ஒரு தோட்டத்தின் விளைச்சலை. அவரும் உழவர் குடியில் வந்தவர். முழுமையாகக் கிடைத்திருக்கும் லத்தீன் உரைநடை நூல்களில் மிகப் பழையது அவர் வேளாண்மை பற்றி எழுதியதுதான். மண்ணையும் பழத்தையும் பார்த்து ஒரு நாட்டின் வலிமையை எடைபோடத் தெரிந்தவர் அவர். தோற்றுப்போன கார்த்தேஜ் மறுபடியும் செழித்துவிட்டதே என்ற கலக்கம்தான் அந்த நகரத்தின் முடிவை எழுதியது என்று நான் நம்புகிறேன்.

கார்த்தேஜின் தொடக்கத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். இன்றைய லெபனானில் இருக்கும் டயர் துறைமுகத்து ஃபினீசியர்கள், இன்றைய துனிசியாவின் கரையில் அமைத்த குடியேற்றம் அது. மரபு சொல்லும் ஆண்டு கி.மு. 814. அரசி எலிஸ்ஸா ஒரு மாட்டுத்தோல் அளவுக்கு நிலம் கேட்டு, தோலை மெல்லிய வாராகக் கீறிக் குன்றையே வளைத்துக்கொண்டாள் என்பது கிரேக்கரும் ரோமானியரும் சொல்லிச் சிரித்த கதை. அந்தக் கதையிலேயே கார்த்தேஜியர் என்றால் ஏமாற்றுக்காரர்கள் என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. இந்த நகரத்தைப் பற்றி நாம் படிக்கும் ஏறக்குறைய எல்லாமே அதன் பகைவர்களின் கையெழுத்து. பாலிபியஸ், லிவி, அப்பியன் ஆகிய மூன்று வரலாற்றாசிரியர்களையும் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

பகைவரின் கண்களில் பட்ட ஒரு காட்சி மட்டும் எனக்கு மிகவும் பிடிக்கும். கி.மு. 310இல் சிராக்யூஸ் நகரத்து ஆட்சியாளன் அகாதோக்ளீஸ் படையோடு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கினான். அவனுடைய வீரர்கள் நடந்து சென்ற வழியைக் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் விவரிக்கிறார்: வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சிய தோட்டங்கள், வரிசையாகச் சுண்ணம் பூசிய பண்ணை வீடுகள், திராட்சை, ஆலிவ், கனி மரங்கள், மேய்ச்சல் வெளிகளில் மாடுகளும் ஆடுகளும் குதிரைகளும். கொள்ளையடிக்க வந்தவர்கள் வாய் பிளந்து நின்றிருக்கிறார்கள். கடலோடிகள், வணிகர்கள் என்று மட்டுமே நாம் கேள்விப்பட்டிருக்கும் ஒரு மக்கள், மண்ணோடும் இப்படி உழைத்திருக்கிறார்கள்.

இந்தச் செழிப்பை நான் பொன்னுலகமாக வரையவில்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் உள்நாட்டு லிபியர்கள். ரோமுடனான முதல் போரின்போது (கி.மு. 264–241) அவர்களுடைய விளைச்சலில் பாதியைக் கார்த்தேஜ் வரியாகப் பறித்தது. போர் முடிந்து கூலிப்படையினர் கிளர்ந்தபோது லிபியப் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கிளர்ச்சிக்குக் கொடுத்தார்கள் என்கிறார் பாலிபியஸ். பண்ணைகளில் அடிமைகள் உழைத்தார்கள். குழந்தைகளின் எரிந்த எலும்புகள் கொண்ட ஆயிரக்கணக்கான தாழிகள் துறைமுகத்துக்கு அருகே கிடைத்திருக்கின்றன. அவை பலிகளா, இளம் வயதில் இறந்த குழந்தைகளின் புதைவிடமா என்பதில் எலும்புகளை ஆராய்ந்த அறிஞர்களே இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் அறிந்துகொண்டுதான் இந்த நகரத்துக்காக வருந்துகிறேன்.

ரோமுடனான இரண்டாம் போர் கி.மு. 201இல் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஸாமா என்ற இடத்தில் நடந்த சண்டையில் ஹன்னிபல் தோற்றிருந்தார். ரோம் விதித்த உடன்படிக்கை கடுமையானது: போர்க்கப்பல் பத்துக்கு மேல் கூடாது, ரோமின் அனுமதியின்றிப் போர் கூடாது, 50 ஆண்டுகளில் 10,000 டாலண்ட் (பழைய எடை அளவு) வெள்ளி தண்டம் கட்ட வேண்டும். வேறொரு நகரமாக இருந்தால் அதோடு ஒடுங்கியிருக்கும்.

கார்த்தேஜ் ஒடுங்கவில்லை. ஹன்னிபலின் வாழ்க்கையிலேயே எனக்குப் பெரிதாகப் படும் ஆண்டு, அவர் களத்தில் வென்ற கி.மு. 216 அல்ல; நகரத்தின் தலைமை ஆட்சிப் பொறுப்பில் இருந்த கி.மு. 196. தண்டம் கட்டப் பணமில்லை, மக்கள் மீது புது வரி போட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது அவர் கணக்குகளைக் கொண்டுவரச் சொன்னார். சுங்கமும் நில வருவாயும் எவ்வளவு வருகின்றன, எங்கே போகின்றன என்று பார்த்தார். பெரிய குடும்பங்கள் பொதுப்பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. அதை மீட்டாலே போதும், புது வரி தேவையில்லை என்று அறிவித்தார். வாழ்நாள் பதவியில் அசையாமல் உட்கார்ந்திருந்த நீதிபதிகளுக்கு ஓராண்டுப் பதவிக்காலம் என்று சட்டம் கொண்டுவந்தார். திருடியவர்கள் சும்மா இருப்பார்களா? ரோமுக்கு ஆள் அனுப்பினார்கள், ஹன்னிபல் ரகசியமாகப் போருக்குத் தயாராகிறார் என்று. மறு ஆண்டே அவர் இரவோடு இரவாக நகரத்தைவிட்டுத் தப்பியோட வேண்டியிருந்தது.

ஆனாலும் நகரம் நிமிர்ந்துவிட்டது. கி.மு. 191இல், தோல்விக்குப் பத்தே ஆண்டுகளில், மீதமிருந்த 40 ஆண்டுத் தண்டத்தையும் மொத்தமாகக் கட்டிவிடுகிறோம் என்றது கார்த்தேஜ். ரோம் வாங்க மறுத்தது. கடன் தீர்ந்துவிட்டால் பிடியும் தளர்ந்துவிடும் அல்லவா. கி.மு. 171இல் ரோம் மாசிடோனியாவுடன் தொடங்கிய போரின்போது, 10 லட்சம் மோடியஸ் கோதுமையும் 5 லட்சம் மோடியஸ் வாற்கோதுமையும் கடற்கரையில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம், செனட் சொல்லும் இடத்துக்கு ஏற்றி அனுப்புகிறோம் என்று கார்த்தேஜின் தூதர்கள் சொன்னதாக லிவி எழுதுகிறார். ஒரு மோடியஸ் என்பது 8 லிட்டருக்குச் சற்று மேல். பேரரசின் பெரும்பகுதியை இழந்து, சுற்றிலும் இருந்த நிலத்தை நுமிடிய மன்னன் மாசினிஸ்ஸா அரித்துக்கொண்டிருந்த காலத்தில், எஞ்சிய வயல்களிலிருந்து வந்த தானியம் அது.

என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒரு சான்றையும் இங்கே வைக்க வேண்டும். கார்த்தேஜின் வட்ட வடிவப் போர்த்துறைமுகம் புகழ்பெற்றது. நடுவில் கடற்படைத் தலைவரின் தீவு, சுற்றிலும் 220 கப்பல்களுக்கான கொட்டகைகள் என்று அப்பியன் சொல்கிறார். 1970களில் பிரிட்டிஷ் அகழ்வாளர்கள் அங்கே தோண்டியபோது, எஞ்சியிருக்கும் கட்டுமானம் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அப்படியென்றால், பத்துப் போர்க்கப்பலுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று கையெழுத்திட்ட பிறகு கட்டிய துறைமுகம் அது. ரோமின் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். கொட்டகைகள் எத்தனை இருந்தாலும், போர் வந்தபோது அந்த நகரத்திடம் கடலில் நிறுத்தப் படை இல்லை.

தண்டத்தின் கடைசித் தவணை கி.மு. 151இல் தீர்ந்தது. அடுத்த ஆண்டு, பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கார்த்தேஜ் மாசினிஸ்ஸாவின் மீது படை அனுப்பித் தோற்றது. ரோமுக்கு வேண்டிய காரணம் கிடைத்துவிட்டது. முதலில் உயர்குடிக் குழந்தைகள் 300 பேரைப் பிணையாகக் கேட்டார்கள், கொடுத்தார்கள். பிறகு ஆயுதங்களைக் கேட்டார்கள். 2 லட்சம் பேருக்கான கவசங்களையும் 2,000 கவண்பொறிகளையும் வண்டி வண்டியாகக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். அதன் பிறகுதான் ரோமின் கான்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை ஆட்சியாளர்) சென்சோரினஸ் கடைசி ஆணையைச் சொன்னார்: நகரத்தை இடிக்கப்போகிறோம், நீங்கள் கடலிலிருந்து 80 ஸ்டேடியா, ஏறத்தாழ 15 கிலோமீட்டர், உள்ளே போய்க் குடியேறுங்கள்.

அப்பியன் தரும் அந்த உரையைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது. கடல் உங்களுக்குப் பழைய ஆட்சியை நினைவூட்டி ஆசை காட்டுகிறது, உள்நாட்டில் உழவு செய்து நிம்மதியாக வாழுங்கள் என்று சென்சோரினஸ் அறிவுரை சொல்கிறார். உழவைப் பற்றி கார்த்தேஜியருக்கு ரோம் பாடம் எடுக்கிறது.

நகரத்தில் எழுந்த அழுகை அடங்கியதும் வாயில்களை மூடினார்கள். கோயில்களும் பொது இடங்களும் பட்டறைகளாயின. ஆணும் பெண்ணும் முறைவைத்து இரவு பகலாக உழைத்து, நாளொன்றுக்கு 100 கேடயங்கள், 300 வாள்கள், கவண்பொறிகளுக்கான 1,000 எறிபொருட்கள், 500 ஈட்டிகள் செய்தார்கள். பொறிகளுக்கு முறுக்குக் கயிறு இல்லாததால் பெண்கள் தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். ஆயுதங்களையெல்லாம் ஒப்படைத்த பிறகு, வெறுங்கையோடு மூன்று ஆண்டுகள் ரோமைத் தடுத்து நிறுத்தினார்கள். கி.மு. 146 வசந்தத்தில் ரோமானியத் தளபதி சிபியோ எமிலியானஸின் படை துறைமுகம் வழியாக உள்ளே புகுந்தது. நகரத்தின் கோட்டை இருந்த பிர்சா குன்றுக்கு ஏறும் மூன்று தெருக்களில் வீடு வீடாக, மாடி மாடியாக ஆறு நாள் சண்டை. கடைசியில் குன்றிலிருந்து இறங்கிச் சரணடைந்தவர்கள் 50,000 பேர். அவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

மண்ணில் உப்பைத் தூவி உழுதார்கள் என்ற கதை பலர் வாயில் அடிபடுகிறது. பழைய ஆசிரியர்கள் ஒருவரும் அப்படி எழுதவில்லை. அது மிகப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் யோசித்தாலே பொருந்தாது என்று தெரியும். ரோம் அந்த நிலத்தைத் தன் மாகாணமாக்கிக்கொண்டது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, ஆப்பிரிக்காவின் தானியம் ஆண்டில் எட்டு மாதம் ரோமுக்குச் சோறு போடுகிறது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதும் அளவுக்கு அங்கே விளைந்தது. வேண்டிய மண்ணில் யார் உப்பைக் கொட்டுவார்கள்?

நகரம் எரிந்தது, அதன் நூலகங்கள் என்ன ஆயின? செனட் அவற்றை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டது என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அந்நூல்களில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. ஒரே ஒரு நூலை மட்டும் ரோம் தனக்கென வைத்துக்கொண்டது. மாகோ என்ற கார்த்தேஜியர் தம் மக்களின் பியூனிக் மொழியில் 28 பகுதிகளாக எழுதிய வேளாண் நூலை லத்தீனில் மொழிபெயர்க்க வேண்டும் என்று செனட் தீர்மானம் போட்டது. பியூனிக் அறிந்தவர்களைக் கூட்டினார்கள். அவர்களில் சிறந்து விளங்கியவர் சிலானஸ். கேட்டோ முன்பே வேளாண் நூல் எழுதியிருந்தும் இதைச் செய்தார்கள் என்று பிளினி ஒரு வரியைச் சேர்க்கிறார். அந்த வரியில் எல்லாம் இருக்கிறது. எதிரியின் காவியமோ வரலாறோ தெய்வப் பாடலோ ரோமுக்கு வேண்டியிருக்கவில்லை. கேட்டோ காட்டிய பழம் எப்படி விளைந்தது என்பது வேண்டியிருந்தது.

பிறகு அதைச் சுருக்கினார்கள், கிரேக்கத்தில் மாற்றினார்கள், அதையும் சுருக்கினார்கள். யுட்டிகா நகரத்து டயோனீசியஸ் 20 பகுதிகளாக்கினார், பித்தினியாவின் டயோஃபேனஸ் ஆறாகக் குறைத்தார். எல்லாமே தொலைந்துபோயின. எஞ்சியவை ரோமானிய எழுத்தாளர்களான வார்ரோ, கொலுமெல்லா, பிளினி ஆகியோர் தங்கள் நூல்களில் எடுத்தாண்ட துணுக்குகள் மட்டும். மாகோவை உழவுக் கலையின் தந்தை என்று கொலுமெல்லா போற்றுகிறார்.

அந்தத் துணுக்குகளில் ஒரு மனிதரின் குரல் கேட்கிறது. நிலம் வாங்குகிறவன் முதலில் தன் நகரத்து வீட்டை விற்றுவிட வேண்டும் என்கிறார் மாகோ. நகரத்து வீட்டின் மீது ஆசை வைத்தவனுக்குப் பண்ணை எதற்கு? திராட்சையை வடக்கு நோக்கிய சரிவில் நடச் சொல்கிறார். ஆப்பிரிக்க வெயிலை உடம்பால் அறிந்தவர் சொல்லும் சொல் அது. காளை தேர்ந்தெடுக்க அவர் சொல்லும் அடையாளங்களைப் படியுங்கள்: கட்டுக்குட்டான உடம்பு, நீண்டு கறுத்த உறுதியான கொம்பு, சுருள் மயிர் படர்ந்த அகன்ற நெற்றி, மயிர் அடர்ந்த காது, கறுத்த கண்ணும் உதடும், விரிந்த மூக்கு, முழங்கால் வரை தொங்கும் அலைதாடி, அகன்ற மார்பு. மாட்டுச் சந்தையில் ஒரு சுற்று வந்தவர்களுக்கு இந்த மனிதர் அயலாராகத் தோன்ற மாட்டார்.

உலர்திராட்சையில் இன்மது செய்யும் முறையைக் கொலுமெல்லா அவரிடமிருந்து அப்படியே எடுத்துத் தந்திருக்கிறார். முன்பருவத்தில் நன்கு பழுத்த குலைகளைப் பறித்து, பூஞ்சை பிடித்தவற்றையும் அடிபட்டவற்றையும் கழித்துவிட வேண்டும். நான்கடிக்கு ஒன்றாகக் கவைக்கொம்புகளை நட்டு, மேலே நாணல் பரப்பி, அதன்மேல் குலைகளை வெயிலில் காயவிட வேண்டும். பனி இறங்காதபடி இரவில் மூடிவைக்க வேண்டும். காய்ந்ததும் மணிகளை உதிர்த்துச் சாடியில் போட்டு, முதல் தரமான புதுச்சாற்றை அவை மூழ்கும்வரை ஊற்ற வேண்டும். ஆறாம் நாள் மணிகள் சாற்றைக் குடித்து உப்பியிருக்கும். கூடையில் இட்டுப் பிழிந்து எடுக்க வேண்டும். இரவில் மூடிவைக்கச் சொன்ன கை எத்தனை முறை பனியில் நனைந்து கெட்ட குலைகளைப் பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பேரரசுகளின் பெயர்ப்பட்டியலைவிட இந்த ஒரு பத்தி கார்த்தேஜை எனக்கு அருகில் கொண்டுவருகிறது.

மண்ணுக்கு அடியிலும் இதேபோல் ஒன்று பிழைத்திருக்கிறது. துனிஸிலிருந்து ஏரியின் குறுக்கே செல்லும் சிறிய ரயிலில் ஏறினால் கார்த்தேஜுக்கு வந்துவிடலாம். இன்று அது வெள்ளைச் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும் நிறைந்த வசதியான புறநகர். பிர்சா, ஹன்னிபல் என்று நிலையங்களின் பெயர்ப்பலகைகள் கடந்துபோகின்றன. பிர்சா குன்றின் தெற்குச் சரிவில் நான் நின்ற இடத்தில், பியூனிக் காலத்து வீடுகளின் வரிசை ஒன்று திறந்த வெளியில் கிடக்கிறது. அகஸ்டஸின் காலத்தில் ரோமானியர்கள் தங்கள் புதிய நகரத்துக்காகக் குன்றின் உச்சியை வெட்டிச் சமன்செய்து மண்ணைச் சரிவில் தள்ளினார்கள். அந்த மண்தான் எரிந்த வீடுகளை மூடிக் காத்தது. 1970களில் செர்ஜ் லான்செல் தலைமையிலான பிரெஞ்சுக் குழு அவற்றை வெளிக்கொணர்ந்தது.

அரண்மனைகள் அல்ல அவை. குறுகிய நடை, ஒரு சிறு முற்றம், சுற்றி அறைகள். இளஞ்சிவப்புக் காரையில் வெள்ளைப் பளிங்குத் துண்டுகள் பதித்த தரை. ஒவ்வொரு வீட்டின் அடியிலும் மழைநீர்த் தொட்டி. கூரையில் விழும் நீர் முற்றம் வழியாக அதில் இறங்கும். உள்பூச்சு இன்னும் வழவழப்பாக இருக்கிறது. வீடுகளை ஊடுருவிக்கொண்டு ரோமானியர்களின் அடித்தளத் தூண்கள் நிற்கின்றன. என்னை அங்கே நிற்க வைத்தது இந்த வீடுகளின் காலம். இவை கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸாமா தோல்விக்குப் பின் கட்டப்பட்டவை. ஹன்னிபல் கணக்குப் பார்த்த ஆண்டுகளை ஒட்டி எழுந்த தெரு. லிவி சொல்லும் கோதுமைக் குவியலுக்குச் சுவரும் தரையுமாகச் சாட்சி இருக்கிறது. ஐம்பது அறுபது ஆண்டுகள்தான் அந்த வீடுகளில் மனிதர்கள் வாழ்ந்தார்கள்.

ரோமானியக் கார்த்தேஜின் பெருமையை எழுத ஆட்கள் ஏராளம். நான் சுருக்கமாகக் கடக்கிறேன். ஸாக்வான் மலையிலிருந்து 130 கிலோமீட்டருக்குக் குறையாத கால்வாயில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், கடற்கரையில் மாபெரும் அன்டோனைன் குளியல் மாளிகையைக் கட்டினார்கள். பேரரசின் பெரிய நகரங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. பின்னாளில் கிறிஸ்தவ இறையியலாளராகப் புகழ்பெற்ற அகஸ்டின் இளைஞராக அங்கே படிக்க வந்தார். கி.பி. 439இல் வாண்டல்கள், 533இல் பைசாந்தியர்கள், 698இல் அரபுப் படை. அதன் பிறகு அருகிலிருந்த துனிஸ் வளர, கார்த்தேஜின் தூண்கள் அங்கே போயின. இன்று துனிஸின் ஸைத்தூனா மசூதியில் தொழுகை நடக்கும் கூடத்தைத் தாங்கி நிற்கின்றன. இந்த நீண்ட கதையில் ஒன்றை மட்டும் தவறவிட மனமில்லை: நகரம் எரிந்து ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தும், அகஸ்டினின் காலத்து நாட்டுப்புற உழவர்களிடம் நீங்கள் யார் என்று கேட்டால், பியூனிக் மொழியில், கானானியர் என்று, ஃபினீசியர்களின் பழைய பெயரையே பதிலாகச் சொன்னார்கள். நகரத்தை அழிக்க முடிந்தவர்களால் வயலில் பேசிய பேச்சை அழிக்க முடியவில்லை.

1979இல் யுனெஸ்கோ கார்த்தேஜை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1985இல் ரோம், கார்த்தேஜ் இரு நகரங்களின் மேயர்களும் முறைப்படி சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். நல்ல செயல்தான். ஆனால் பாதுகாக்கப்பட்ட நிலத்தைத் துண்டு துண்டாக விடுவித்து வீடு கட்ட அனுமதித்த காலமும் அதற்குப் பிறகுதான் வந்தது. 2011 புரட்சிக்குப் பின் அந்த அனுமதிகளைச் சட்டம் போட்டு நீக்க வேண்டியிருந்தது. வட்டத் துறைமுகம் இன்று மாளிகைகளுக்கு நடுவே ஒரு குளம். அடியில் இன்னும் எத்தனை தெருக்கள் இருக்கின்றனவோ, அவற்றின் மேல் கான்கிரீட் ஏறினால் இன்னொரு லான்செல் வந்தாலும் பயனில்லை.

துனிசியா இன்று உலகின் பெரிய ஆலிவ் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. ஆலிவ் மரங்களுக்கு இடையே எல்லாப் பக்கமும் 75 அடி விட வேண்டும், வளமற்ற, காற்றடிக்கும் மண்ணாக இருந்தாலும் 45 அடிக்குக் குறையக் கூடாது என்று மாகோ சொன்னதைப் பிளினி குறித்துவைத்திருக்கிறார். 75 ரோமானிய அடி என்பது ஏறத்தாழ 22 மீட்டர். துனிஸுக்குத் தெற்கே ஸ்ஃபாக்ஸ் நகரைச் சுற்றிய தோப்புகளில் மரத்துக்கு மரம் 24 மீட்டர் விட்டு நடுகிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு 17 மரங்கள்தான். மாகோவைப் படித்து நட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். மழை குறைந்த மண்ணில் ஒவ்வொரு மரமும் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ள அவ்வளவு இடம் வேண்டும் என்பதை அந்த உழவர்களும் அதே மண்ணிடம் கற்றிருக்கிறார்கள்.